ஒரே பூச்சி, பல நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில் தேசி மரமோ கறிவேப்பிலையோ நிற்கிற வளவெல்லாம் கறுப்பு வண்ணாத்திப்பூச்சிகள் சுற்றத் தொடங்கும். கூடவே கேள்விகளும் வரும். உயர்தர உயிரியல் மாணவர், செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகளின் தாய் தகப்பன், வீட்டுத்தோட்டக்காரர் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகளைக் கேட்டபடியே விட்டிருக்கிறோம். பதில்களில் பாடநூல் சொற்களே வரும்: பரம்பரையலகு என்றால் ஜீன், எதிருரு என்றால் அதே ஜீனின் மாற்று வடிவம், நிறமூர்த்தம் என்றால் குரோமோசோம், விகாரம் என்றால் ஜீனில் புதிதாக ஏற்படும் மாற்றம்.

1. ஒரே இனம் எண்டா எல்லாம் ஒரே நிறமாத்தானே இருக்க வேணும்?

அப்படி ஒரு விதி இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே இரத்த வகை வேறுபடுகிறது. அதுபோலப் பூச்சியின் நிறமும் ஒரே குடித்தொகைக்குள் இரண்டாக, மூன்றாகப் பிரிந்து நிற்கலாம். இதைப் பல்லுருத்தன்மை என்பார்கள். 1940இல் பிரித்தானிய மரபியலாளர் ஈ. பி. ஃபோர்ட் கொடுத்த வரையறையில் ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. மிக அரிதான வடிவம்கூட, புதிதாக வரும் விகாரத்தால் மட்டும் விளக்க முடியாத அளவுக்கு எண்ணிக்கையில் இருக்கவேண்டும். நடைமுறையில் நூற்றுக்கு ஒன்றை எல்லையாக வைப்பார்கள்.

பத்தாயிரத்தில் ஒன்று வெள்ளையாகப் பிறப்பது இதில் சேராது. அது விபத்து. நூற்றுக்கு முப்பது வேறு நிறமாக, தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தால் அதை ஏதோ ஒன்று தாங்கிப்பிடிக்கிறது என்று பொருள். இங்குள்ள கேள்விகள் எல்லாம் அந்த ‘ஏதோ ஒன்று’ பற்றியவைதான்.

2. தேசி மரத்துல முட்டை போடுற கறுப்பு வண்ணாத்தி மூணு விதமாக் கிடக்கே. மூணும் ஒரே இனம் எண்டு எப்பிடிச் சொல்றீங்க?

வளர்த்துப் பார்த்துத்தான். இதன் பெயர் பபிலியோ பொலிட்டிஸ். ஆண் எப்போதும் ஒரே மாதிரி: கறுப்பு, பின் இறகில் குறுக்காக ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணில் மூன்று வடிவம். ஒன்று ஆணைப்போலவே இருக்கும். அதன் பெயர் சைரஸ். இரண்டாவது பின் இறகின் நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளும் கொண்ட ஸ்டிக்கியஸ். மூன்றாவது முன் இறகில் வெள்ளைப் பட்டையும் பின் இறகில் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட ரொமுலஸ். ஜே. சி. எஃப். ஃப்ரையர் என்ற பூச்சியியலாளர் இதே பூச்சியை இலங்கையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஒரு தாயின் முட்டைகளிலிருந்து வேறு வேறு வடிவப் பெண்கள் வருவதைக் காட்டினார். அந்த ஆய்வு 1913இல் வெளிவந்தது. உலகப் பாடநூல்களில் உள்ள இந்த உதாரணத்துக்கு வேர் நம் நாட்டில் இருக்கிறது. நம் பிள்ளைகளோ இங்கிலாந்து அந்துப்பூச்சியைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

ஸ்டிக்கியஸ், ரொமுலஸ் இரண்டும் வேடதாரிகள். ஸ்டிக்கியஸ் பாவனை செய்வது பக்லியோப்டா அரிஸ்டொலோக்கியே என்ற வண்ணாத்தியை. ரொமுலஸ் பாவனை செய்வது பக்லியோப்டா ஹெக்டரை. அந்த இரண்டின் புழுக்களும் ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. உண்மையையும் வேடத்தையும் பிரிக்க இறகைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். நஞ்சுள்ள இரண்டுக்கும் தலையும் வயிறும் இரத்தச் சிவப்பு. பொலிட்டிஸின் உடம்பு எந்த வடிவத்திலும் கறுப்பு. தேசியில் முட்டையிடும் மஞ்சள்-கறுப்புப் புள்ளி வண்ணாத்தி (பபிலியோ டெமோலியஸ்) வேறு இனம், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

3. நல்ல நிறத்தை வெச்சிட்டு மத்ததை இயற்கைத் தேர்வு அழிச்சிரும் எண்டுதானே படிச்சம்? பிறகு எப்பிடி மூணும் மிஞ்சுது?

‘நல்ல நிறம்’ என்று ஒன்று எப்போதும் நிலையாக இருந்தால் நீங்கள் படித்ததுதான் நடக்கும். சிக்கல் என்னவென்றால், பல பூச்சிகளில் ஒரு நிறத்தின் பெறுமதி அந்த நிறத்தில் மட்டும் இல்லை. அதே நிறத்தில் இன்னும் எத்தனை பேர் திரிகிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

சந்தையை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தரி போட்டால் கத்தரி விலை விழும், அன்று வெண்டி கொண்டுவந்தவருக்கு நல்ல காசு. அதைப் பார்த்து அடுத்த முறை எல்லோரும் வெண்டிக்குத் தாவினால் கத்தரி விலை ஏறும். கத்தரியும் அழியாது, வெண்டியும் அழியாது. குறைவாக இருப்பது இலாபம், கூடும்போது அந்த இலாபம் கரையும். இதற்கு எதிர்மறை மீடிறன்சார் தேர்வு என்று பெயர் (மீடிறன் என்றால் ஒரு வடிவம் எவ்வளவு அடிக்கடி காணப்படுகிறது என்பது). நிற வேறுபாட்டை நிலைநிறுத்தும் முக்கிய வழிகளில் இது ஒன்று, கீழே பல பதில்கள் இதற்கே திரும்பி வரும். வேறு வழிகளும் உண்டு (கேள்வி 9, 11).

4. வேசம் போட்டாத் தப்பலாம் எண்டா எல்லாப் பெண்ணும் வேசம் போட்டிரலாமே?

வேடம் வேலை செய்வது பறவையின் ஞாபகத்தில். இளம் இரட்டைவால் குருவி ஒன்று சிவப்புப் புள்ளிக் கறுப்பு வண்ணாத்தியை முதன்முதலாகக் கொத்துகிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் நஞ்சுள்ளது 100, வேடதாரி 10 என்றால், அது தின்னத்தக்க ஒன்றைச் சந்திக்கும் வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. பெரும்பாலும் கசப்பை வாங்கி, அந்தக் கோலத்தையே விட்டுவிடும். வேடதாரியும் 100 ஆகிவிட்டால் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டு கொத்தில் ஒன்று சுவையாக இருந்தால் எந்தப் பறவை பயப்படும்? (எண்கள் கணக்குக்காகச் சொன்னவை.)

வேடதாரி கூடக்கூட வேடத்தின் பாதுகாப்பு தேய்கிறது. ஒரு கட்டத்தில் பளிச்சென்ற சிவப்புப் புள்ளி, தின்னத்தக்க இரைக்கு விளம்பரப் பலகை ஆகிவிடும். அப்போது அடக்கமான சைரஸுக்கு நட்டமில்லை. ஜப்பானின் தெற்கே ரியூக்யூ தீவுகளில் இதே இனத்தைப் பார்த்தபோது, நஞ்சுள்ள வண்ணாத்தி கூடுதலாக உள்ள தீவுகளில் வேடதாரிப் பெண்களின் விகிதமும் கூடுதலாக இருந்தது. இரண்டு வேட வடிவங்கள் இருப்பதற்கும் இதே காரணம் பொருந்தும்: இரண்டு உருமாதிரிகளுக்கு (பாவனை செய்யப்படும் நஞ்சுள்ள இனங்களுக்கு)ப் பிரிந்து நின்றால் எந்த ஒன்றின் பெயரும் சீக்கிரம் கெட்டுப்போகாது.

5. அப்ப ஆண் ஏன் வேசம் போடல்ல?

பெண் முட்டைப் பாரத்தோடு மெதுவாக, ஒரே செடியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. பறவைக்கு அது லேசான இரை, வேடத்தால் வரும் இலாபமும் அதற்கே அதிகம். ஆணின் கோலத்துக்கோ இன்னொரு வேலையும் உண்டு: பெண்ணும் போட்டி ஆண்களும் அதை இனங்காண வேண்டும். கோலத்தை மாற்றினால் அந்தப் பக்கம் இழப்பு.

இது எல்லா இனத்துக்கும் சட்டம் இல்லை. இலங்கையிலேயே உள்ள பபிலியோ கிளிட்டியாவில் ஆண், பெண் இரண்டுமே இரு வடிவமாக வரும்.

6. ரெண்டு விதம் சேர்ந்தா பாதிப் பாதி நிறத்துல பிள்ளை வராதா? கலந்து கலந்து கடைசியில எல்லாம் ஒண்டாயிராதா?

பொலிட்டிஸில் கலப்பதில்லை. பெண்ணின் வடிவத்தைத் தீர்மானிப்பது ‘டபிள்செக்ஸ்’ என்ற ஒரே பரம்பரையலகு என்று 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஸ்டிக்கியஸ் வேடத்துக்கான எதிருரு இருக்கும் நிறமூர்த்தத் துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. அதனால் அது மற்ற எதிருருவோடு துண்டு மாற்றிக்கொள்ள முடியாது. வெள்ளைத் திட்டு, சிவப்புப் பிறை எல்லாம் ஒரே பொதியாகக் கைமாறுகின்றன. பாதி வேடம் யாரையும் ஏமாற்றாது என்பதால் பொதி பிரியாமல் இருப்பது முக்கியம்.

வேடத்துக்கான எதிருரு ஆட்சியானது (ஒன்று இருந்தாலே வெளிப்படும்), சைரஸ் பின்னிடைவானது (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்). ஓர் இடத்தில் 100 பெண்ணில் 36 சைரஸ் என்று வையுங்கள். ஹார்டி-வைன்பேர்க் கணக்கில் (எதிருருக்களின் பங்கையும் வடிவங்களின் பங்கையும் இணைக்கும் சூத்திரம்) பின்னிடைவான எதிருருவின் பங்கு 0.36இன் வர்க்கமூலம், அதாவது 0.6. வேடம் போட்ட மற்ற 64இல் 48 பெண்கள் சைரஸ் எதிருருவை உள்ளே ஒளித்துவைத்திருப்பவர்கள். சைரஸ் நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தாலும் பங்கு 0.2, ஒளித்துவைத்திருப்போர் 32 பேர். போதாததற்கு ஆண்கள் எந்த எதிருருவைக் கொண்டிருந்தாலும் வெளியில் காட்டுவதில்லை, பறவையால் அதைத் தெரிவுசெய்ய முடியாது. அரிதான வடிவம் சடுதியாக மறைந்துபோகாததற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒளிந்திருப்பது இழப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. நிலையாகத் தாங்கிப்பிடிப்பது கேள்வி 3இல் சொன்னதுதான்.

7. வேசம் போடாத பூச்சியிலயும் பல நிறம் இருக்கே. அதுக்குப் பறவை என்ன செய்யும்?

பறவை தேடுவதும் நாம் தேடுவதும் ஒரே மாதிரி. கொட்டிக்கிடக்கும் சாமானுக்குள் சிவப்பு மூடி ஒன்றைத் தேடும்போது நீல மூடி கண்முன்னே கிடந்தாலும் படாது. பறவையும் அடிக்கடி அகப்படும் நிறத்தின் ‘தேடு படிமம்’ ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டு அதையே பொறுக்கும். அரிதான நிறம் தப்பிவிடும். அது பெருகியதும் படிமம் மாறும்.

அமெரிக்காவில் நீலக் காகக் குருவிகளுக்குக் கணினித் திரையில் அந்துப்பூச்சிப் படங்களைக் காட்டி, கொத்துப்பட்டவற்றை நீக்கி, தப்பியவற்றிலிருந்து அடுத்த ‘தலைமுறையை’ உண்டாக்கினார்கள். 2002இல் வெளிவந்த அந்த ஆய்வில், குருவிகள் கொத்திய தொகைகளில் கோல வேறுபாடு குறையவில்லை, கூடியது.

8. வேளாண்மைக்குள்ள நிக்கிற தத்துவெட்டி பச்சையும் மண்ணிறமுமா இருக்கு. அதுவும் இதுதானா? கூட்டுப்புழுவும் அப்பிடித்தானே?

அவசரப்படக்கூடாத இடம் இது. தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான். நிறம் இரண்டு இருப்பதால் மட்டும் அது பரம்பரை வேறுபாடு ஆகிவிடாது. ஒரே பரம்பரையலகுகள் சூழலுக்கு ஏற்ப இரண்டு நிறம் தரலாம். தத்துவெட்டி இனங்கள் பலவற்றில் ஈரப்பதமும் இளம் பருவத்துச் சூழலும் பச்சையா மண்ணிறமா என்பதில் கைவைக்கின்றன, சில இனங்களில் பரம்பரையும் சேர்ந்திருக்கிறது.

பொலிட்டிஸ் கூட்டுப்புழு தெளிவான உதாரணம். ஒரு தாயின் புழுக்களில் ஒன்று வழுவழுப்பான இளங்கொப்பில் கூடு கட்டினால் பச்சையாகவும், இன்னொன்று சொரசொரப்பான காய்ந்த தடியில் கட்டினால் மண்ணிறமாகவும் அமையும். உள்ளிருந்து வரும் வண்ணாத்தியின் நிறத்துக்கும் கூட்டின் நிறத்துக்கும் தொடர்பில்லை. அதற்கு முன் அதே புழு இளம் பருவங்களில் குருவி எச்சம்போல் இருந்து, கடைசிப் பருவத்தில் பச்சையாகிறது. அது வயது மாற்றம், மூன்றாவது வகை.

இன்னொன்று, மாலை நேரத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும் மண்ணிற வண்ணாத்தி, மெலனிட்டிஸ் லீடா. அதன் புழு நெல் இலையும் தின்னும். ஈரப் பருவ வடிவத்தின் இறகடியில் கண் போன்ற வட்டங்கள் வரிசையாக இருக்கும். வறட்சிப் பருவ வடிவத்தில் அவை மங்கி, காய்ந்த சருகுபோலத் தெரியும். இது பருவ மாற்றம். ஆபிரிக்க உறவினமான பிசைக்ளஸ் அனினானாவில் புழுப் பருவ வெப்பநிலை இதைத் தீர்மானிக்கிறது: ஆய்வுகூடத்தில் 27 பாகையில் வளர்ந்தால் ஈர வடிவம், 20 பாகையில் வறட்சி வடிவம். அதை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். அங்கே மழைக்காலம் சூடானது, நமக்கோ மழைபெய்யும் மார்கழி, தைதான் குளிர்ந்த மாதங்கள்.

9. வேற பூச்சியோட சம்பந்தப்பட்டும் நிறம் நிலைக்குமாம். பயித்தங்கொடியில இருக்கிற அழுக்கணவனைச் சொல்றாங்களே?

சொல்வது பட்டாணி அழுக்கணவனைப் பற்றி (அசுவினி என்றும் சொல்வர்). அது குளிர் நாட்டுப் பூச்சி. அதில் சிவப்பும் பச்சையும் உண்டு. பச்சைச் செடியில் சிவப்பு எடுப்பாகத் தெரிவதால் பொறிவண்டு சிவப்பைக் கூடுதலாகத் தின்கிறது. உடலுக்குள் முட்டையிடும் சிறு குளவியோ பச்சையைக் கூடுதலாகத் தாக்குகிறது. பொறிவண்டு கூடிய வயலில் பச்சைக்கு வாழ்வு, குளவி கூடிய வயலில் சிவப்புக்கு வாழ்வு. இரண்டு எதிரிகளும் எதிரெதிராக இழுப்பதால் இரண்டு நிறமும் நிற்கின்றன. 1997இல் வெளிவந்த இந்த ஆய்வு, கேள்வி 3இல் உள்ளதைவிட வேறான வழி. இங்கே ‘அரிது’ என்பதைவிட ‘யார் வேட்டைக்காரன்’ என்பதே கேள்வி. அந்தச் சிவப்புச் சாயத்தைச் செய்யும் பரம்பரையலகுகள் ஒரு காலத்தில் பூஞ்சையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை என்பது 2010இல் தெரியவந்தது.

நம் பயற்றங்கொடிக் குருத்தில் அப்பிக்கிடக்கும் கறுப்பு அழுக்கணவன் வேறு இனம். அதில் சிவப்பு, பச்சை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

10. வாய்க்கால் ஓரத்து ஊசித்தும்பியில பெண்ணே ஆண் மாதிரி இருக்கே, ஏன்?

இது பறவையால் அல்ல, ஆணால் வந்த வேறுபாடு. குளக்கரை, வாய்க்கால், வாவியோர உவர் நீர் எல்லா இடத்திலும் உள்ள இஸ்க்னுரா செனகலென்சிஸ் இனத்தில், பெண்களில் ஒரு பகுதி ஆணின் நிறத்தில் இருக்கும், மற்றவை வேறு நிறம். ஆண்கள் இணைசேர ஓயாமல் துரத்துவதால் பெண்ணுக்கு இரை பிடிக்கவும் முட்டையிடவும் நேரம் கெடுகிறது. ஆண் எந்த நிறப் பெண்ணை அடிக்கடி காண்கிறதோ அதையே தேடப் பழகிவிடும். அரிதான நிறப் பெண்ணுக்குத் தொல்லை குறைவு. கேள்வி 7இன் பறவையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆண் தும்பியை வைத்தால் இதே கதை.

எண்ணும்போது ஒரு பொறி: புதிதாக வெளிவந்த இளம் பெண்கள் செம்மஞ்சளாக இருந்து பின்னர் நிறம் மாறும். அதைத் தனி வடிவமாகப் பதிந்துவிடாதீர்கள். ஆணா என்ற ஐயம் வந்தால் வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடியைப் பாருங்கள். ஆணுக்கு அங்கே இணைசேர் உறுப்பு புடைத்துத் தெரியும்.

11. இதரநுகமா இருந்தா நல்லம் எண்டு ஒரு விளக்கம் இருக்கே, அது பூச்சி நிறத்துக்கு வருமா?

இதரநுகம் என்றால் தாயிடமிருந்து ஓர் எதிருருவும் தகப்பனிடமிருந்து வேறோர் எதிருருவும் பெற்றிருப்பது. அந்த விளக்கம் வரும், ஆனால் பாடநூலில் நினைப்பதைவிட அரிது. தென்னமெரிக்காவின் ஹெலிகோனியஸ் நுமாட்டா வண்ணாத்தியில் இறகுக் கோலத்தைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத் துண்டு (கேள்வி 6இல் கண்டதுபோல்) தலைகீழானது. தலைகீழ்த் துண்டு ஒன்று இருந்தால் நல்ல கோலம் கிடைக்கிறது, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டால் அதில் பதுங்கிய கெட்ட விகாரங்கள் வெளிப்பட்டுப் புழுக்கள் சாகின்றன. ஆகவே அந்தத் துண்டு முழுதாகப் பரவவும் முடியாது, அழியவும் முடியாது.

12. இங்கிலாந்து அந்துப்பூச்சியும் (பிஸ்டன் பெட்டுலாரியா) இதுக்கு உதாரணந்தானே?

பெரும்பாலும் இல்லை. அது ஒரு நிறம் இன்னொன்றை இடம்பெயர்த்த கதை. தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கறுத்த மன்செஸ்டரில் 1848இல் கறுப்பு வடிவம் பதியப்பட்டது, 1895 அளவில் அங்கே அது நூற்றுக்கு 98 ஆனது. காற்று சுத்தமான பின் வெளிர் வடிவம் திரும்பி வந்தது. மைக்கேல் மஜெரஸ் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளை மரங்களில் விட்டுப் பார்த்ததில், கறுப்பைப் பறவைகள் கூடுதலாகப் பிடித்தது உறுதியாயிற்று. இரண்டு நிறமும் ஒருமித்து நின்றது, மாற்றம் நடந்துகொண்டிருந்த இடைக்காலத்திலும், புகை உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இடையே பூச்சிகள் போய்வந்ததாலும்தான். பரீட்சையில் ‘வேறுபாடு எவ்வாறு பேணப்படுகிறது’ என்று கேட்டால் இதை எழுதுவதைவிடப் பொலிட்டிஸை எழுதுவது பாதுகாப்பு.

13. பொறிவண்டுல கறுப்புக் கூடினதும் குறைஞ்சதும் இருக்கு. சூட்டுக்காகவா?

குளிர் நாட்டில் சூடு ஒரு காரணி. கறுப்பு விரைவில் சூடேறும். பேர்லினில் இரு புள்ளிப் பொறிவண்டில் கறுப்பு வடிவம் இலையுதிர் காலத்தில் கூடியும், பனிக்காலம் கழிந்து வசந்தத்தில் குறைந்தும் வருவதை மரபியலாளர் டிமொஃபேயெவ்-ரெசொவ்ஸ்கி 1940இல் எழுதினார். ஒரு பருவத்தில் இலாபம் மறு பருவத்தில் நட்டம், அதனால் இரண்டும் மிஞ்சும் என்பது விளக்கம். நம் கரையோர வெயிலுக்கு அந்த விளக்கத்தை இறக்குமதி செய்யக் காரணம் ஏதும் இல்லை. இங்கே பயற்றங்கொடியில் பிடிக்கும் பொறிவண்டைக் கணக்கெடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்தால் போதும்: கூட்டிலிருந்து அப்போதுதான் வந்தது புள்ளி, கோடு இல்லாமல் வெளிர் மஞ்சளாக இருக்கும், சில மணி நேரம் கழித்தே கோலம் ஏறும்.

14. நஞ்சுள்ள பூச்சிக்கும் பல நிறம் வருமா? அதுக்கு அரிதா இருந்தா நட்டமில்லையா?

நல்ல கேள்வி. ஆம், நட்டம்தான். நஞ்சுள்ளது எல்லோரும் ஒரே சீருடை போட்டால்தான் பறவை சீக்கிரம் படிக்கும். புதிய நிறம் ஒவ்வொன்றுக்கும் புதிய பாடம், ஒவ்வொரு பாடத்துக்கும் சில உயிர்கள். ஆகவே இங்கே கணக்கு தலைகீழ்: பொதுவானது வெல்லும், வேறுபாடு அழியும். தெருவோர எருக்கலையில் முட்டையிடும் செம்மஞ்சள் வண்ணாத்தி (டனாவுஸ் கிரிசிப்பஸ்) நம் பக்கம் பெரும்பாலும் ஒரே கோலம். கிழக்கு ஆபிரிக்காவில் அதற்குப் பல வடிவம். வெவ்வேறு பிரதேசத்துக் கோலங்கள் அங்கே சந்தித்துக் கலப்பது அதற்கு ஒரு காரணம்.

அதன் வேடதாரி ஹைப்பொலிம்னஸ் மிசிப்பஸ். அதிலும் வேடம் பெண்ணுக்கு மட்டும். ஆண் கறுப்பில் பெரிய வெள்ளை வட்டங்கள். முதல் தடவை பார்ப்பவர் இரண்டும் ஒரே இனம் என்று நம்பமாட்டார்.

15. பிள்ளையள் பள்ளிக்கூட வளவுல செஞ்சு பாக்கிற மாதிரி ஏதும் இருக்கா?

மா உருண்டைப் பரிசோதனை இருக்கிறது. 1968இல் பிரித்தானியாவில் காட்டுக் குருவிகளுக்குப் பச்சை, மண்ணிற மாத்துண்டுகளை 9:1 விகிதத்தில் போட்டுப் பார்த்த ஆய்வின் சிறு வடிவம். கோதுமை மா 500 கிராம், மாஜரின் 200 கிராம். இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பச்சை, மற்றதில் மண்ணிறம் வரும்படி உணவுச் சாயம் கலந்து பிசையுங்கள். விரல் மொத்தத்தில் பாதி அளவுக்கு உருட்டி, 1 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். 90 பச்சை, 10 மண்ணிறம் என்று எடுத்து, புல் தரையில் சதுர மீற்றருக்கு ஒன்றுக்கு மேல் விழாதபடி பரவுங்கள். குருவிகள் பழக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். தின்னத் தின்ன அதே நிறத்தால் நிரப்பி, எடுபட்டதை எண்ணுங்கள். 40 எடுபட்டால், பாரபட்சம் இல்லையென்றால் 36 பச்சை, 4 மண்ணிறம் போயிருக்க வேண்டும்.

கட்டாயம் செய்யவேண்டியது: அடுத்த வாரம் வேறு இடத்தில் 10 பச்சை, 90 மண்ணிறம். இதைச் செய்யாவிட்டால் குருவிக்குப் பச்சை பிடிக்குமா, பொதுவானது பிடிக்குமா என்று பிரிக்க முடியாது. கெடுப்பவை: எறும்பு (காலை 6.30க்குப் பரவி 8க்குள் முடியுங்கள்), அணில், ஒரே வாயில் ஐந்தை அள்ளும் காகம். குவித்துப் போடுவதும் பிழை. இரை மிக நெருக்கமாகக் கிடந்தால் கணக்கு மாறும், கூட்டத்தில் தனித்துத் தெரியும் அரிதான நிறத்தையே பறவை முதலில் எடுக்கும்.

16. பொலிட்டிஸை வளத்துப் பாக்கலாமா? ஒவ்வொரு முறையும் புழு செத்துப்போகுது.

வளர்க்கலாம். இளந்துளிரில் இருக்கும் உருண்டையான வெளிர் மஞ்சள் முட்டையை இலையோடு எடுங்கள். மூன்று நான்கு நாளில் பொரிக்கும், புழுப் பருவம் இரண்டு மூன்று வாரம், கூடு பத்து நாள் அளவு. சாவதற்கு முதற் காரணம் மருந்தடித்த இலை. சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுக்கவே வேண்டாம். இரண்டாவது ஈரம்: கழுவிய இலையைத் துடைத்து, பெட்டியின் அடியில் கடதாசி விரித்துத் தினமும் மாற்றுங்கள். மூன்றாவது எறும்பு. பெட்டியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வையுங்கள். கூட்டில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து வெறுமையாக இருந்தால் சிறு குளவி தின்றுவிட்டது, உங்கள் பிழை இல்லை.

பரம்பரை பார்க்க வேண்டுமென்றால் ஒரே தாயின் முட்டை வேண்டும். பிடித்த பெண்ணைச் சட்டித் தேசிக் கன்றின் மேல் வலை போட்டு, வெயில் படும்படி விட்டால் முட்டையிடும். 40 முட்டையில் பாதிதான் பெண், இழப்புப் போகப் பத்துப் பன்னிரண்டு மிஞ்சும். அந்த எண்ணை வைத்து ‘சரி பாதி’ என்று முடிவெடுக்க முடியாது, நாலைந்து தாய்கள் வேண்டும்.

17. எங்கட ஊருல 50 பாத்தம், 15 சைரஸ். 30 வீதம் எண்டு எழுதலாமா?

எழுதலாம், பிழை வீச்சையும் சேர்த்து. பங்கை அதன் மீதியால் பெருக்கி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். 50க்கு 30 வீதம் என்றால் கூட்டியும் குறைத்தும் 13. அதாவது உண்மை 17க்கும் 43க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 200 பார்த்தால் வீச்சு ஆறரையாகச் சுருங்கும். படுவான்கரையில் 50, எழுவான்கரையில் 50 பார்த்து, 30க்கும் 40க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவது வீண் வேலை.

சைரஸை ஆணோடு குழப்புவதே பெரிய பிழை. பறக்கும்போது பிரிக்க முடியாது. முட்டையிடும்போது மட்டும் எண்ணினால் ஐயமில்லை, எண்ணிக்கை குறையும். படம் எடுத்தால் போதும், பிடிக்கத் தேவையில்லை. குமண, கல்லோயா போன்ற தேசிய பூங்காக்களில் அனுமதியில்லாமல் பூச்சி பிடிப்பது சட்டப்படி குற்றம்.

18. ரெண்டு நிறமும் சும்மா தற்செயலா நிக்கல்ல, தேர்வாலதான் நிக்குது எண்டு எப்பிடி நிரூபிக்கிற?

தற்செயலுக்கு ஞாபகம் இல்லை. ஒரு நிறம் குறைந்தால் அடுத்த ஆண்டு இன்னும் குறையவும் கூடும், ஏறவும் கூடும். கேள்வி 3இன் எதிர்மறை மீடிறன்சார் தேர்வு இருந்தால் குறைந்தது ஏறும், ஏறியது குறையும். கலிபோர்னியாவில் டிமேமா கிறிஸ்டினே என்ற குச்சிப்பூச்சியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணியபோது, கோடுள்ள வடிவமும் கோடில்லாத வடிவமும் ஆண்டுக்கு ஆண்டு ஊஞ்சல்போல் ஏறி இறங்கின. விகிதத்தை வேண்டுமென்றே மாற்றிச் செடிகளில் விட்டபோது, அரிதாக விட்டபோது கோடுள்ளது கூடுதலாகத் தப்பியது. 2018இல் இது வெளிவந்தது. மாற்றிவிட்டு, திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ஒரே ஒரு தடவை எண்ணிய விகிதம், எவ்வளவு கவனமாக எண்ணினாலும், இதைச் சொல்லாது.

19. போகப்போக மூணும் மூணு இனமாப் பிரிஞ்சிருமா?

ஒரே தாய்க்கு இரண்டு வடிவமும் பிறக்கும்வரை பிரியாது (கேள்வி 2, 6). நிறத்தோடு சேர்த்து இணை தேர்வும் பிரியவேண்டும், அதாவது தன் நிறத்தோடு மட்டும் சேரும் பழக்கம் வரவேண்டும். பொலிட்டிஸில் எல்லா வடிவப் பெண்ணுக்கும் ஒரே மாதிரியான ஆண்தான்.

20. ஈஸ்வரமூலிக் கொடியெல்லாம் வேலியோட வெட்டி எறியிறாங்க. அதால இந்த நிறங்களுக்கு ஏதும் ஆகுமா?

ஆகும் என்றே எதிர்பார்க்கவேண்டும். கொடி குறைந்தால் நஞ்சுள்ள இரண்டு வண்ணாத்தியும் குறையும். கேள்வி 4இன் கணக்கில் 100 என்ற எண் சரியும், வேடதாரிகளின் பாதுகாப்பும் கூடவே சரியும். தேசியும் கறிவேப்பிலையும் வளவில் இருப்பதால் பொலிட்டிஸ் குறையாது, அதன் பெண்களில் சைரஸின் பங்கு கூடும். ஹெக்டர் தூர இடங்களுக்குப் பறந்துபோகும் பழக்கமுள்ளது, எனவே ஓர் ஊரில் கொடி இல்லாவிட்டாலும் சில காலம் வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கலாம். அதனால் ஸ்டிக்கியஸும் ரொமுலஸும் ஒரே வேகத்தில் குறையவேண்டும் என்றில்லை.

பார்க்க விரும்பினால் ஒரே பாதையில், ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், காலை 9க்கும் 11க்கும் இடையில் நடந்து, ஐந்தையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள்: அரிஸ்டொலோக்கியே, ஹெக்டர், சைரஸ், ஸ்டிக்கியஸ், ரொமுலஸ். உடம்பு சிவப்பா கறுப்பா என்று பார்க்க முடியாதவற்றை ஆறாவது நிரலில் போடுங்கள், ஊகித்து எதிலும் சேர்க்காதீர்கள். வேலியில் கொடியை விட்டுவைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதன் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். கைமருந்தாக அவித்துக் குடிக்க வேண்டாம்.